மதிகெட்டவனும் மலைக் குகையும்

திண்டுக்கல்லில் ரயிலேறி மதுரைப் பக்கம் பிரயாணம் செய்கிறவர்கள், அம்பாத்துறை ஸ்டேஷன் தாண்டியதும் ஒருமுறை மேற்கே திரும்பிப் பார்ப்பது வழக்கம். கிழக்கே நிற்கும் சிறுமலை நமக்கு அண்டை வீட்டுக்காரர் மாதிரி. அதன் வாழைப்பழம் இல்லாமல் இந்தப் பக்கத்தில் தாம்பூலத் தட்டு நிறைவதில்லை. மேற்கே தெரியும் பழனி மலைத்தொடரின் சங்கதி வேறு. அது எட்ட நின்று, நீலமாய்த் தோன்றி, பாதி நாள் மேகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும். அடிவாரத்துச் சமவெளியில் நிலக்கோட்டைக்காரர் விடியுமுன் மல்லிகை பறிக்கிறார். சின்னாளபட்டியில் தறி ஓடுகிறது. வத்தலக்குண்டில் வெற்றிலைக் கட்டுகள் வண்டியேறுகின்றன. இவர்கள் தலைக்குமேலே, ஏழாயிரம் அடி உயரத்தில், "மதிகெட்டான் சோலை" என்று ஓர் இடம் இருக்கிறது. உள்ளே போனவனுக்குத் திசை தப்பும். திசை தப்பினால் புத்தியும் தப்பும் என்பது மலைவாசிகளின் நம்பிக்கை. பகலிலும் வெளிச்சம் இறங்காத அளவுக்கு மரங்கள் அடர்ந்திருப்பதுதான் பெயருக்குக் காரணமாக இருக்கவேண்டும். ஆனால் பெயர் வைத்தவன் மரத்தைப் பற்றிப் பேசவில்லை. மனத்தைப் பற்றிப் பேசியிருக்கிறான்.

1991-ம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி, தீபாவளியன்று, வெளிவந்த "குணா" என்ற படத்துக்கு முதலில் வைக்க எண்ணிய பெயர் இதுவே. "மதிகெட்டான் சோலை" என்றால் ஜனங்களுக்குப் பிடிக்காது என்று யாரோ கருதினார்கள் போலும். பெயர் மாறிற்று, படத்தின் சுபாவம் மாறவில்லை. புத்தி பேதலித்த ஒருவன், தான் கண்ட பெண்ணைத் தெய்வமென்று நம்பி, மனிதர் நடமாட்டமில்லாத மலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அங்கே அவள் என்ன ஆனாள், அவன் என்ன ஆனான் என்பதே கதை. மனோதத்துவப் படம், மர்மப் படம் என்று மேனாட்டார் இரண்டு பெயர்களைத் தனித்தனியே வழங்குகிறார்கள். இந்தப் படம் இரண்டுக்கும் பொது.

தமிழில் இந்த வகை புதிதல்ல. வீணை வித்துவான் எஸ்.பாலசந்தர் 1954-ல் பாட்டே இல்லாத "அந்த நாள்" படத்தை எடுத்து ஜனங்களைத் திகைக்க வைத்தார். பின்னர் "நடு இரவில்" என்ற படத்தில் ஒரு குடும்பத்தையே தனித்த மாளிகையில் அடைத்து, ஒவ்வொருவராய் மாளச் செய்தார். 1978-ல் பாரதிராஜாவின் "சிகப்பு ரோஜாக்கள்", 1980-ல் பாலு மகேந்திராவின் "மூடுபனி" இரண்டும் பெண்களைக் கொல்லும் மனநோயாளிகளைப் பற்றியவை. "மூடுபனி"யின் நாயகனும் தான் விரும்பிய பெண்ணை மலைக்குத்தான் கடத்திச் செல்கிறான், அது ஊட்டி. ஆனால் அந்தப் படங்களில் பைத்தியத்தை வெளியிலிருந்து பார்க்கிறோம், பயப்படுகிறோம், கதவைத் தாழிட்டுக்கொள்கிறோம். "குணா" நம்மைப் பைத்தியத்துக்கு உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடுகிறது. அதனாலேயே அது மற்றவற்றைக் காட்டிலும் சிறந்தது என்பது என் அபிப்பிராயம். அதனாலேயே அது மற்றவற்றைக் காட்டிலும் அபாயமானதும்கூட.

டைரக்டர் சந்தான பாரதி. திரைக்கதை எழுதிய ஸாப் ஜானும், காமிராவை இயக்கிய வேணுவும் மலையாள நாட்டினர். வசனம் பாலகுமாரன், பாட்டு வாலி, சங்கீதம் இளையராஜா. கமல் ஹாஸன் குணாவாக நடித்தார். கதாநாயகியாக வந்த ரோஷிணி இந்த ஒரு படத்தோடு திரையுலகைவிட்டு மறைந்துவிட்டார். பழைய காலத்து நட்சத்திரமும் பாடகியுமான எஸ்.வரலக்ஷ்மி குணாவின் தாய். கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் வைத்தியர். பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் துப்பறியும் அதிகாரி! அதே தீபாவளிக்கு மணிரத்னத்தின் "தளபதி"யும் வெளிவந்தது. ஜனங்கள் எந்தப் பக்கம் திரண்டார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

கதையைச் சற்று விவரமாகச் சொன்னால்தான் மேலே பேச இயலும். குணா பிறந்து வளர்ந்த வீடு, உடலை விற்றுப் பிழைக்கும் பெண்கள் வாழும் வீடு. அதை நடத்துகிறவள் அவன் தாய். ஊர் அந்த வீட்டுக்கு இரவில் வரும். பகலில் அதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தன் பிறப்பே அழுக்கு, தன் முகமே அழுக்கு என்ற எண்ணம் அந்தப் பிள்ளையின் நெஞ்சில் இளமையிலேயே வேரூன்றிவிடுகிறது. இந்த அழுக்கைக் கழுவ ஒருத்தி வருவாள். அவள் பெயர் அபிராமி. பௌர்ணமியன்று அவளைத் தான் மணந்துகொள்ளப் போகிறோம். இப்படி ஒரு நம்பிக்கை அவனைப் பற்றிக்கொள்கிறது. அதன் பொருட்டு மனநோய் ஆஸ்பத்திரியிலும் இருந்து வருகிறான். ஆஸ்பத்திரி அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே அவன் தன் கதையைக் கொட்டித் தீர்க்கும் கட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். காமிராவும் அவனோடு சுற்றுகிறது; பார்க்கிற நமக்கும் தலை சுற்றுகிறது.

வெளியே வந்தவனை, கோயிலில் திருடுவதற்குப் போட்ட ஒரு சதியில் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே தனவந்தர் வீட்டுப் பெண் ரோகிணி அவன் கண்ணில் படுகிறாள். அவ்வளவுதான், அபிராமி வந்துவிட்டாள்! அவளைக் கவர்ந்துகொண்டு மலையேறிவிடுகிறான். முதலில் அவள் அஞ்சுகிறாள், வெறுக்கிறாள், தப்ப முயல்கிறாள். நாளடைவில் அவன் தன்னைத் தீண்ட எண்ணாததையும், தன் காலடியில் குழந்தைபோல் கிடப்பதையும் கண்டு மனம் இளகுகிறாள். கீழே அவள் சொத்துக்குக் கண் வைத்தவன் ஒருவன் இருக்கிறான். போலீஸார் தேடுகிறார்கள். எழுதத் தெரியாத குணா வாயால் சொல்ல, அவள் கேட்டுக் கேட்டு எழுதும் கடிதமே ஒரு பாட்டாகிறது. கமல் ஹாஸனும் எஸ்.ஜானகியும் பாடிய அந்தக் கடிதப் பாட்டைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. முடிவில் அவள் சுடப்படுகிறாள்; அவன் அவளைத் தாங்கிக்கொண்டு பள்ளத்தாக்கில் பாய்கிறான்.

கதையில் மூன்று இடங்கள் வருகின்றன: பொதுமகளிர் வீடு, பைத்திய ஆஸ்பத்திரி, மலைக் குகை. மூன்றும் ஊருக்கு வெளியே, ஊராரால் ஒதுக்கப்பட்ட இடங்கள். குணா ஊருக்குள் ஒரே ஒரு தடவை வருகிறான். அதுவும் கோயிலுக்கு, அதுவும் திருட. ஒதுங்கிய சமூகத்தில் பிறந்த பிள்ளைக்கு ஊர் என்பது கனவில் வரும் தேவதை. அந்தத் தேவதையைப் பிடித்து வந்து தன் ஒதுக்குப்புறத்தில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறான். படத்தை எடுத்தவர்கள் இப்படி எண்ணித்தான் எடுத்தார்களா என்பது வேறு விஷயம். எனக்கு இப்படித் தோன்றுகிறது.

அபிராமி என்ற பெயரை அவர்கள் எங்கே பிடித்தார்கள் என்பதில் மட்டும் ஐயமில்லை. திருக்கடவூர் அபிராமிபட்டரின் கதையைக் கேளாத வீடு உண்டோ? அம்பிகையின் திருமுக ஒளியில் ஆழ்ந்திருந்த அவர், தை அமாவாசையன்று சரபோஜி மன்னர் திதி கேட்டபோது, பௌர்ணமி என்று சொல்லிவிட்டார். பித்தன் என்று ஊரார் நகைத்தார்கள். உயிருக்கு ஆபத்து நேர்ந்த சமயத்தில் அவர் அந்தாதி பாட, அம்பிகை தன் தாடங்கத்தை வானில் எறிந்தாள். அமாவாசை இரவில் முழுநிலவு காய்ந்தது என்பது ஐதிகம். பித்து, பௌர்ணமி, அபிராமி மூன்றும் அப்படியே "குணா"வில் இருக்கின்றன. அந்தாதிச் செய்யுளும் படத்தில் ஒலிக்கிறது. பட்டரின் பித்துக்கு நாம் கோயில் கட்டிக் கும்பிடுகிறோம். குணாவின் பித்துக்கு ஊசி போடுகிறோம். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று படம் கேட்கிறது. கேட்டுவிட்டு, நல்ல வேளையாக, தானே பதில் சொல்ல முற்படவில்லை.

திண்டுக்கல்வாசிகளுக்கு இந்தப் பெயரில் ஒரு தனிச் சொந்தமும் உண்டு. நகரின் நடுவே எழுந்தருளியிருப்பவள் அபிராமி அம்பிகையே. நகருக்குப் பெயர் கொடுத்த திண்டுபோன்ற பாறையின்மேல், கோட்டைக்குள்ளே, பழைய கோயில் ஒன்று இருக்கிறது. அது நெடுங்காலமாக விக்கிரகமின்றிக் கிடப்பது ஊரறிந்த விஷயம். அம்பிகை மலையைவிட்டு இறங்கி ஜனங்களிடையே வந்துவிட்டாள். குணாவோ தன் அபிராமியை ஜனங்களிடையேயிருந்து மலைக்குத் தூக்கிப் போனான். இது தற்செயலான ஒற்றுமைதான்; என்றாலும் எங்கள் ஊர்க்காரர்கள் பேசிக்கொள்ள நல்ல விஷயம்.

மனத்தின் உள்வழிகளைக் கதையாக்குவதும் இந்தச் சமவெளிக்குப் புதிதன்று. 1872-ல் வத்தலக்குண்டில் பிறந்த ராஜமையர், "கமலாம்பாள் சரித்திர"த்தில் சந்தேகமும் வதந்தியும் ஒரு நல்ல மனிதனின் உள்ளத்தை எப்படி அரித்துத் தின்னும் என்று காட்டினார். சுதந்திர வீரர் சுப்பிரமணிய சிவா பிறந்ததும் அதே வத்தலக்குண்டில்தான் என்பதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கேயே நினைவூட்டிவிடுகிறேன். கொடைக்கானலுக்குப் போகும் பஸ் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ஜன்னல் பக்கம் இடம் பிடிப்பதில் இருக்கும் ஊக்கத்தில் ஒரு பங்கை இதற்கும் செலவிடலாம்.

இனிக் குகையைப் பார்ப்போம்.

1821-ல் வார்டு என்ற ஆங்கில ராணுவ அதிகாரி பழனி மலைகளை அளக்க வந்தார். கொடைக்கானலைப் பற்றி எழுதி வைத்த முதல் ஐரோப்பியர் அவரே. 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள், சமவெளியின் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் தப்ப, அங்கே பங்களாக்கள் கட்டினார்கள். அந்நாளில் மலைக்குச் செல்ல வண்டிப் பாதை கிடையாது. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து துரைமார்களும் துரைசானிகளும் நாற்காலியில் உட்கார, நம்மவர்கள் தோளில் சுமந்து மலையேற்றினார்கள். அப்படி ஏறிவந்தவர்கள், ஊருக்குச் சில மைல் தள்ளித் தூண்கள் மாதிரி நிற்கும் மூன்று பெரும்பாறைகளைக் கண்டார்கள். தூண் பாறை என்று இன்று பிரசித்தமாயிருப்பவை அவை. சுமார் நானூறு அடி உயரம். அவற்றின் இடுக்கில் ஆழம் காணமுடியாத பிளவுகள், உள்ளே வௌவால்கள், உள்ளிருந்து புகைபோல் எழும் மூடுபனி. சாத்தானின் அடுக்களை என்று பொருள்பட "டெவில்ஸ் கிச்சன்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நம்மவர்கள் அதே புகையைக் கண்டு, பாண்டவர்கள் வனவாசத்தில் இங்கே சமைத்தார்கள் என்றார்கள். துரைமார்களுக்குச் சாத்தான், நமக்குத் தருமபுத்திரர்! அடுக்களை என்ற மட்டில் இரு தரப்பாரும் ஒத்துப்போனார்கள்.

இடத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம், ஏனெனில் உயிர்கள் அதில் சிக்கியிருக்கின்றன. மலையில் குடைந்த அறைபோன்ற குகை அல்ல இது. கருங்கல் மலை வெடித்து விலகியதால் ஏற்பட்ட சந்துகளின் கூட்டம். மேலே சோலை மரங்களின் வேர்கள் பின்னிப் படர்ந்து, அவற்றின்மேல் சருகும் பாசியும் மண்டி, தரைபோலவே தோற்றமளிக்கும். கால் வைத்தால் சில இடத்தில் தரை. சில இடத்தில் ஒன்றுமில்லை. நெடுகிலும் ஈரம், பாறையில் பிடிமானம் கிடையாது. மேகம் இறங்கிவிட்டால் எதிரே நிற்பவன் முகம் தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில்தான் "குணா"வின் பிற்பகுதியை எடுத்தார்கள். காமிராவும் விளக்கும் மற்றச் சாமான்களும் மனிதர்கள் கையாலும் தோளாலுமே உள்ளே போயாகவேண்டும். வேணுவின் படப்பிடிப்பை இன்று பார்த்தாலும், மேலிருந்து ஒரு கீற்று வெளிச்சம் அந்தப் பாறைச் சுவரில் இறங்கும் அழகு நெஞ்சை அள்ளுகிறது.

படம் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. ஆனால் ஒரு காரியம் செய்தது: சாத்தானின் பெயரையும் பாண்டவர்களின் பெயரையும் மலையிலிருந்து துடைத்துவிட்டு, "குணா குகை" என்று எழுதிவிட்டது. காலேஜ் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வேர்களின்மேல் ஏறி நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். பாறையில் தங்கள் பெயரையும், பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரையும் செதுக்கினார்கள். கடிதப் பாட்டை உரக்கப் பாடி எதிரொலி கேட்டார்கள். அவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. விழுந்தவர்களில் பலருடைய உடலைக்கூட எடுக்க முடியவில்லை என்பது கொடைக்கானலில் சிறு பிள்ளைகளும் சொல்லும் செய்தி. பிளவுகளை அடைத்து இரும்புக் கம்பி வேலி போட்டார்கள். எச்சரிக்கைப் பலகை நாட்டினார்கள். வேலியைத் தாண்டுவதற்கென்றே வருகிறவர்கள் பிறகும் வந்தார்கள். பிள்ளையைச் சுற்றுலாவுக்கு அனுப்பிவிட்டுச் சமவெளியில் காத்திருந்த தாய்தந்தையர் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டு வயிற்றில் அடித்துக்கொண்டிருப்பார்கள்!

2006-ம் வருஷத்தில் நடந்த ஒரு சம்பவம் இதற்கு விலக்கு. எர்ணாகுளத்தை அடுத்த மஞ்ஞும்மல் என்ற ஊரிலிருந்து இளைஞர் கோஷ்டி ஒன்று கொடைக்கானலுக்கு வந்தது. "குணா"வில் பார்த்த குகையைக் காணாமல் திரும்புவதா என்று தடுப்பைத் தாண்டி உள்ளே போனார்கள். ஒருவர் திடீரென்று காணாமற் போனார். சருகுகளுக்கு அடியில் மறைந்திருந்த பிளவு அவரை விழுங்கிவிட்டது. அந்தப் பிளவில் விழுந்தவர் உயிரோடு மீண்டதில்லை. போலீஸாரும் தீயணைப்புப் படையாரும் வந்தும், உள்ளே இறங்கத் துணிந்தவர் இல்லை. கடைசியில் நண்பர்களில் ஒருவரே இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். விழுந்தவர் அடியாழம்வரை போகாமல் ஒரு பாறை விளிம்பில் தங்கி, குற்றுயிராய்க் கிடந்தார். அவரைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மேலே வந்தார் நண்பர். மேலே இருந்தவர்கள் கயிற்றை இழுத்தார்கள். பிற உயிரைக் காத்தவர்களுக்கு மத்திய சர்க்கார் அளிக்கும் ஜீவன் ரக்ஷா பதக்கம் பிற்பாடு அந்த நண்பருக்குக் கிடைத்தது.

2024 பிப்ரவரி 22-ல் வெளிவந்த "மஞ்ஞும்மல் பாய்ஸ்" என்ற மலையாளப் படம் இந்தச் சம்பவத்தைச் சொல்கிறது. டைரக்டர் பெயர் சிதம்பரம். ஷைஜு காலித் ஒளிப்பதிவு. ஸுஷின் ஷியாம் சங்கீதம். குகையின் உட்புறத்தைக் கேரளத்தில் செட்டாகக் கட்டியே பெரும்பகுதியை எடுத்தார்கள், அதுதான் விவேகம். மொழிபெயர்க்காமலே அந்தப் படம் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் வாரக்கணக்கில் ஓடிற்று. மலையாளம் ஒரு சொல்லும் அறியாத நம் ஜனங்கள் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள். நண்பன் குழியிலிருந்து வெளியே வரும் அந்தத் தருணத்தில் ஒலிப்பது "குணா"வின் கடிதப் பாட்டு! முப்பத்திரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு பித்தன் தன் தேவதைக்குச் சொன்ன வார்த்தைகள், ஒரு தோழன் தன் தோழனை மரணத்திலிருந்து இழுத்து வரும்போது கேட்கின்றன. பாட்டை உபயோகித்தது குறித்து இளையராஜாவின் தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது பிற்பாட்டுக் கதை.

அந்தப் படமும் ஒருவகையில் மனோதத்துவப் படமே. ஆழத்தில் தனியே கிடப்பவன் மனத்தில் என்ன நடக்கிறது, மீண்டு வந்தபின் இரவில் கண்ணை மூடினால் அவனுக்கு என்ன தெரிகிறது என்பதை அது காட்டுகிறது. ஆனால் குணாவுக்கு இல்லாத ஒன்று அந்த மஞ்ஞும்மல் பிள்ளைக்கு இருந்தது. மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் நின்றார்கள்.

நிற்க. "குணா"வைப் பற்றி எனக்குள்ள முக்கியமான மனத்தாங்கலை இனிச் சொல்லிவிடுகிறேன். பெண்ணைப் பெற்றவர்கள் கவனித்துப் படிக்கவேண்டிய இடம் இது.

ரோகிணி அவனை நேசிக்கத் தொடங்குவதைப் படம் ஒரு தெய்விகச் செயல்போல் காட்டுகிறது. மேனாட்டு வைத்தியர்கள் இதற்கு வேறு விளக்கம் சொல்வார்கள். 1973 ஆகஸ்டில் ஸ்வீடன் தேசத்தின் ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு பாங்கில் புகுந்த கொள்ளைக்காரன், நான்கு பேரை ஆறு நாள் சிறைப்பிடித்து வைத்தான். விடுதலையானபோது அவர்கள் தங்களைப் பிடித்தவன்மீது பரிவும் போலீஸார்மீது கோபமும் காட்டினார்கள். உயிர் ஒருவன் கையில் இருக்கும்போது, அவன் காட்டும் சிறு தயவும் மலைபோல் தோன்றும். மனம் தன்னைக் காத்துக்கொள்ள அவனை நல்லவனாக்கிக்கொள்ளும். இதை "ஸ்டாக்ஹோம் நோய்க்குறி" என்று வழங்குகிறார்கள். வைத்தியர்களிடையே இதைப்பற்றி விவாதமும் உண்டு; அகப்பட்டவர்கள் போலீஸாருக்கு அஞ்சியது நியாயமே என்று சொல்வோரும் உளர். எப்படியாயினும், அகப்பட்டவளின் இளக்கத்தை அவளுடைய சம்மதம் என்று கொள்வது தவறு.

ஆங்கிலத்தில் 1965-ல் வில்லியம் வைலர் எடுத்த "தி கலெக்டர்" படத்திலும் ஒருவன் பெண்ணைக் கடத்தி அடைத்து வைக்கிறான். வண்ணத்துப்பூச்சி பிடித்துச் சேர்ப்பவன் அவன். அங்கே அவள் இளகுவதில்லை, சாகிறாள். அந்தப் படம் கடைசிவரை அவனை மன்னிப்பதில்லை. "குணா"வோ, கமல் ஹாஸனின் அபார நடிப்பினாலும் இளையராஜாவின் இசையினாலும், கடத்தியவனுக்காக நம்மை அழவைத்துவிடுகிறது. குணா நோயாளி, அவன் அறியாமல் செய்தான். ஆனால் நோயொன்றும் இல்லாத வாலிபன், "விடாமல் தொடர்ந்தால் அவள் ஒருநாள் மனம் மாறுவாள்" என்ற பாடத்தை அந்தக் குகையிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறான். தமிழ்ப் படங்கள் இந்தப் பாடத்தை நெடுநாளாக நடத்தி வருகின்றன. "குணா" அவற்றுள் மிக உயர்ந்த கலையோடு நடத்திவிட்டது. நான் இந்தப் படத்தை மெச்சுகிறவன். மெச்சுவதால்தான் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பவர்கள், படம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்கலாம்: ரோகிணிக்கு முதல் நாளே குகையைவிட்டுப் போக வழி கிடைத்திருந்தால் போயிருப்பாளா, இருந்திருப்பாளா?

இன்னொரு விஷயம், நோயைப் பற்றியது. தன்னை ஒரு பெரிய இடத்துப் பெண் காதலிக்கிறாள், அல்லது தனக்கென்றே ஒரு தேவதை வருவாள் என்ற திடமான பிரமையை வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். 1921-ல் பிரெஞ்சு வைத்தியர் க்ளெராம்போ காதற்பிரமையை விரிவாக வருணித்தார். அவர் பெயராலேயே அந்த நோய் வழங்குகிறது. எத்தனை தர்க்கம் செய்தாலும் இந்தப் பிரமை கலையாது. மருந்தாலும் பொறுமையான சிகிச்சையாலும் தணியக்கூடியது. படத்தில் வைத்தியர் நல்லவராகத்தான் வருகிறார். எனினும் குணாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தபின் அவனுக்கு மருந்து கொடுப்பாரில்லை, கூட இருப்பாரில்லை. திருட்டுக்கு உபயோகப்படுவான் என்று கணக்குப் போடுகிறவர்களே சுற்றிலும் இருக்கிறார்கள்.

நிஜ வாழ்க்கை இதைக் காட்டிலும் கொடியது. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், சித்தம் கலங்கியவர்களைத் தங்க வைத்திருந்த தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்களுடைய சொந்தக் குடும்பத்தாரே; வீட்டில் வைத்துக்கொள்ள வெட்கம், வைத்தியம் செய்யப் பணமில்லை, கோயிலிலும் தர்காவிலும் தீரும் என்ற நம்பிக்கை. அந்த விடுதியும் ஊருக்கு ஒதுக்குப்புறம்தான். மன நோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ம் வருஷத்துச் சட்டம் திட்டமாகத் தடுக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண்ணில், காசு செலவில்லாமல், தமிழிலேயே மன நலம் பற்றி ஆலோசனை கேட்க வசதி ஏற்பட்டிருக்கிறது. வீட்டில் ஒருவர் தூங்காமல் தனியே பேசிக்கொண்டு திரிந்தால், குறி கேட்கப் போகுமுன் அந்த எண்ணுக்கு ஒரு தடவை பேசுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

"மஞ்ஞும்மல் பாய்ஸ்" ஓடிய அந்தக் கோடையில் கொடைக்கானலுக்குக் கூட்டம் முன்னைவிடப் பெருகிற்று. கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கியவர்கள், வத்தலக்குண்டில் வண்டியை நிறுத்திக் காபி சாப்பிட்டவர்கள், எல்லோரும் முதலில் விசாரித்தது ஏரியையும் குறிஞ்சியாண்டவர் கோயிலையும் அல்ல, குகையைத்தான். சோலையின் வேர்கள் பாம்புகள்போல் நெளிந்து கிடக்கும் திடல்வரை போகலாம். அதற்கப்பால் கம்பி வேலி. பிளவுகளைத் தூரத்திலிருந்து பார்க்கலாம். மூடுபனி இறங்கினால் அதுவும் தெரியாது. வேலியருகே நின்று இளைஞர்கள் அந்தக் கடிதப் பாட்டைப் பாடுகிறார்கள். உள்ளேயிருந்து எதிரொலி வருகிறது.